எட்டு வரிச் சங்கு

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சங்கு ஊதுவது அப்பாவின் வேலை. ஊதுவது என்று பெயர்தான். இன்ஜின் அறைச் சுவரில் இருந்த சுவிட்சை அவர் அமுக்கிப் பிடிப்பார், கூரைமேல் சைரன் அலறும். மத்தியானச் சங்கு கேட்டதும் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் கைவேலையை நிறுத்திவிட்டு, கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு இறங்குவார்கள். பதினெட்டு வருஷத்தில் அந்தச் சங்கு ஒரு நாளும் முந்தியதில்லை, பிந்தியதுமில்லை. அந்தப் பெருமையில் அப்பா சற்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நடப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், கொழும்பில் வேலை பார்த்த அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கினிகத்தேனை வரை லொறியிலும், அங்கிருந்து பஸ்ஸில் மடியிலுமாகக் கொண்டுவந்து சேர்த்தார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த என் கையில் அது வந்து விழுந்தது. கூடவே வந்த, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்பிக்கும் புத்தகத்தைப் பார்த்து ஒரு விளையாட்டு எழுதினேன். மேலிருந்து கொழுந்து விழும். கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். கூடை ஒரு கோடு, கொழுந்து ஒரு நட்சத்திரக் குறி, அவ்வளவுதான் லட்சணம். ஆனால் அதற்குச் சத்தம் வைத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடித்தால் 'டிக்', விட்டால் 'டொங்'. நான் அடித்த ஓர் எண் காதில் கேட்கிறது என்பதை நம்பவே முடியாமல், அதைக் கூட்டியும் குறைத்தும் அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டம் முடியும்போது மத்தியானச் சங்கு கேட்க வேண்டும் என்று அடுத்த ஆசை. தாழ்ந்த சத்தத்தில் தொடங்கி, படிப்படியாக ஏற்றி, உச்சியில் பிடித்து நிறுத்த வேண்டும். பத்து நாள் மல்லுக்கட்டி எட்டு வரியில் எழுதி முடித்தேன். பெட்டிக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கரில் அது கொசு அழுவதுபோல் கேட்டது. அப்பாவுக்குப் போட்டுக் காட்ட வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் கோயில் திருவிழா. தொழிற்சாலைக் கரண்டு எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததால், ஆம்பிளிஃபயரை எங்கள் முன் அறையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இரண்டு பெரிய குழாய் ஸ்பீக்கர்கள் வெளியே மரத்தில் மலையைப் பார்த்தபடி தொங்கின. காலை பத்து மணிபோல ஸ்பீக்கர்காரர் மைக்கை அணைக்காமல் டீ குடிக்கப் போனார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆசை யாரை விட்டது? மைக்கை எடுத்துப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஆட்டத்தை முடித்தேன்.

சங்கு ஊதியது. கொசு அல்ல, சங்கேதான். கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் எழுதியது உச்சியில் வெடுக்கென்று நின்றபோது, எதிர்மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பி, மெல்ல மெல்ல அடக்கி முடித்து வைத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வாசலுக்கு வந்து பார்த்தேன். மலை முழுக்கப் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசை வரிசையாக, பாதி நிறைந்த கூடையோடு, ஒருவரும் சந்தேகப்படாமல். அம்மாவும் அதில் வந்தார். என் எட்டு வரிக்கு ஒரு மலையே இறங்குகிறது என்று பிரமித்து நின்றேன். அப்பாவின் நினைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

நான் ஓடிப் போனபோது, மலை வேலையைக் கண்காணிக்கும் கண்டாக்கு இன்ஜின் அறை வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வயசாகிப் போச்சு, இனிச் சங்கு வேண்டாம், நாளையிலிருந்து மலையில் மண்ணைக் கிளறி முள்ளுக்குத்தப் போ என்றார்.

"நான் அமுக்கலைங்க ஐயா," என்றார் அப்பா. மலையே கேட்டிருக்கும்போது யார் நம்புவார்கள்?

நான்தான் என்றேன். கண்டாக்கு சிரித்தார். இருவரையும் வீட்டுக்குக் கூட்டி வந்து மைக் இல்லாமல் போட்டுக் காட்டினேன். இந்தக் கொசுவுக்கா என் ஆட்கள் இறங்கினார்கள் என்று இன்னும் சிரித்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடைசியில், இனி ஒரு சத்தம் வரும், யாரும் அசையக் கூடாது என்று மடுவத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மைக்கோடு போடச் சொன்னார்.

போட்டேன். சொல்லியும்கூட, வாசல் வழியே தெரிந்த மடுவத்தில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப்பேர் சட்டென்று எழுந்துவிட்டார்கள். கண்டாக்கின் கை தன்னையறியாமல் கடிகாரத்துக்குப் போனது. பிறகு அவர் அப்பாவைப் பார்த்து, "சரி, நீ போய் வேலையப் பாரு," என்றார்.

மகள் என்றும் பார்க்காமல் அப்பா திட்டுவார் என்று தலைகுனிந்து நின்றேன். அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுறது சரிதாம்மா. நிக்கிறதுதான் தப்பு. நான் கையை எடுத்த பொறகும் மேல சைரன் சுத்திக்கிட்டேதான் இருக்கும். மூச்சு விட்டு மெல்ல எறங்கணும்."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, உடம்பு கழுவாமலே என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சத்தத்தை இறக்கும் வரிகளைச் சேர்க்கச் சேர்க்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினார். ரொம்ப வேகம் என்றார், இன்னும் வேகமாத்தான் எறங்குது என்றார். மைக் இல்லை, வெறும் கொசுச் சத்தம்தான். பன்னிரண்டாவது வரியையும் சேர்த்து முதலிலிருந்து போட்டபோது அவருடைய பெருவிரல் முழங்காலை அமுக்கியது. சத்தம் உச்சிக்குப் போனதும் தானாக விலகியது.

"இப்ப நான் கையை எடுத்த மாதிரி இருக்கு," என்றார்.