முழங்கையைத் தாண்டிய மீன்

கட்கி மார்க்கெட்டில் நான் மீன் வாங்கும் மராட்டிய மீனவக் கோலிப் பெண்ணிடம் தராசு இருக்கிறது. ஆனால் அவள் முதலில் நம்புவது தன் கையைத்தான். பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு சுர்மையையும், அதாவது எங்கள் தூத்துக்குடிச் சீலாவை, எடுத்து முன்கையோடு சேர்த்து வைப்பாள். வால் விரல் நுனியில் இருந்தால் தலை முழங்கையைத் தாண்ட வேண்டும். தாண்டாததை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள். "ஹே பாள் ஆஹே," என்பாள். இது குழந்தை என்று அர்த்தம். முட்டையே போடாத மீனை இன்றைக்கு விற்றுவிட்டால் நாளைக்கு எதை விற்பது என்று கேட்பாள். மலையேறி இவ்வளவு தூரம் வந்து, கடலே கண்ணில் படாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி கடலுக்கு இப்படிக் காவல் இருப்பது எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. பிடிவாதக்காரி என்றுதான் நினைத்தேன்.

நான் போபோடியில் வீட்டிலேயே சின்ன மெஸ் நடத்துகிறேன். கம்பெனி வேலைக்கு வந்து, சப்பாத்தி தின்று நாக்குச் செத்துப்போன தமிழ் ஆட்கள்தான் என் வாடிக்கை. புதனும் ஞாயிறும் மீன் குழம்பு. அதனால் அந்தப் பெண்ணிடம் அதிகமாக வாங்குவது நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எங்கள் கடலில் சித்திரையும் வைகாசியும் விசைப்படகுகளுக்குத் தடை. அங்கே திறக்கிற சமயம் இங்கே மேற்குக் கடலில் தடை தொடங்கிவிடும். ஆடி வரைக்கும் ஐஸ் லாரியில் நம் பக்கத்து மீன்தான் இங்கே வரும். போன வருஷம் வந்ததில் பாதி பொடிசு. அவள் கை வைத்துப் பார்த்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினாள். கடைசியில் அவள் மேடையில் கருவாடும் நாலைந்து அணைக்கட்டு ரோகு மீனும்தான் மிஞ்சின.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றவங்களுக்கு உன் கையையா குழம்பு வைக்கிறது?" என்று இந்தியில் கேட்டேவிட்டேன். அவள் சிரித்தாள். "ரெண்டு மாசம் பொறு தாயி. கடலும் பிள்ளை பெத்துக்கணும்ல," என்றாள்.

நான் பொறுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர், "உங்க ஊர் மீன்தான் மேடம், தூத்துக்குடிச் சரக்கு," என்று ஆசை காட்டினார். முன்கையில் பாதிகூட இல்லாத சீலா. வாங்கினேன். அடுத்த வாரமும் வாங்கினேன். என்னைப் பார்த்து இன்னும் சிலர் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். சும்மா கிடக்கிற இடம்தானே என்று அவர் தன் ஐஸ் பெட்டிகளை அவள் மேடையில் பாதிவரை பரப்பிவைத்தார். ஆளில்லாத மேடை அந்த மார்க்கெட்டில் அடுத்தவருக்குப் போய்விடும். அது எனக்கும் தெரியும். அவள் மிச்சப் பாதியில் ஒடுங்கி உட்கார்ந்து கருவாட்டுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்க்காததுபோலக் கடந்து போனேன்.

என் தம்பி தூத்துக்குடியில் விசைப்படகில் போகிறவன். ஊர் மீன் கிடைத்த பெருமையில், வறுத்த தட்டைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"ஏக்கா, அது குஞ்சுல்லா?"

"நம்ம ஊரு சரக்குதாம்ல. ருசியா இருக்கு."

"ரெண்டு மாசம் வலைய மடிச்சு வச்சிட்டுக் கரையில கெடந்தோமே, எதுக்குன்னு நெனைச்ச? இதப் பொரிச்சுத் திங்கவா?"

அந்த இரண்டு மாதமும் அவன் கட்டிட வேலைக்குப் போய் வந்த கதையைப் போனில் கேட்டு அழுதவள் நான். கடலை வழித்து அள்ளுகிறார்கள் என்று ஊர்ப்பட்ட பேரைத் திட்டியவளும் நான்தான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். வெட்கமாக இருந்தது. என் தம்பி ஊரில் காத்த மீனை இங்கே தானும் காத்துக்கொண்டிருந்த ஒரே ஆளை நான் கைவிட்டிருந்தேன்.

மறுநாள் அவள் மேடைக்குப் போனேன். முதல் வேலையாக அந்த ஐஸ் பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே இறக்கினேன். கடைக்காரர் சத்தம் போட்டார். நானும் போட்டேன். சத்தத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. பிறகு கருவாடு கேட்டேன். அவள் "இத்தனை நாள் எங்கே போனாய்" என்று கேட்கவில்லை. நல்லதாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தாள். தடை முடிகிறவரை மெஸ்ஸில் புதனும் ஞாயிறும் கருவாட்டுக் குழம்புதான். முகம் சுளித்தவர்களிடம் என் தம்பி கேட்டதை அப்படியே சொன்னேன். இரண்டு பேர் வேறு மெஸ்ஸுக்குப் போனார்கள். மற்றவர்கள் கூடுதலாகச் சோறு கேட்டார்கள்.

தம்பி சொன்னதை ஒருநாள் அவளிடமும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

ஆவணி அவிட்டத்தன்று கோலிகள் கடலுக்குத் தேங்காய் விட்டுவிட்டுத்தான் தொழிலுக்கு இறங்குவார்கள். இங்கே அதே நாளில்தான் உடன்பிறந்தவனுக்குக் கயிறு கட்டும் ராக்கியும். அதற்கு ஒரு வாரம் முன்னால் அவள் தன் பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு சிவப்புக் கயிற்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "உன் தம்பிக்கு அனுப்பு. அவன் எனக்கும் பாவ்தான்," என்றாள். பாவ் என்றால் சகோதரன்.

கொஞ்ச நாளில் தம்பியிடமிருந்து படம் வந்தது. படகுத் தளம், நீட்டிய முன்கை, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, பக்கத்தில் சீலா. கூடவே குரல் செய்தி: "குஞ்சு தப்பிப் போற மாதிரிப் பெரிய கண்ணு வலைதான் போட்டோம்னு அந்த அக்காட்ட சொல்லு."

அவளிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். தலை முழங்கையைத் தாண்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தாள். தாண்டியிருந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.