அரணைக்கு இரண்டு பெயர்

போன வாரம் காதுவலியோடு ஆற்றங்கரை ஆஸ்பத்திரி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். காது இன்னும் ஆறவில்லை. டாக்டரைப் பகைத்துக்கொள்ள முடியாது.

வாசலில் மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. கொற்கைப் பக்கத்து விவசாயி ஒருவரை இறக்கினார்கள். வாழைக்கட்டை பெயர்க்கும்போது வலது கையில் ஏதோ கடித்துவிட்டதாம். அவருக்கு முன்னால் அவருடைய அண்ணன் ஓடி வந்தார் — கையில் ஒரு மண்கலயம். உள்ளே செத்த அரணை.

நம் பக்கத்து வழக்கம் தெரியுமல்லவா? கடிபட்டவரோடு கடித்ததையும் அடித்துக் கொண்டுவர வேண்டும். பார்த்து வைத்தியம் செய்ய வசதி. நல்ல வழக்கம்தான்... கடித்தது அதுவாகவே இருந்தால்.

"அரணை கடிச்சிட்டுய்யா! இனி பொழைப்பானா?" என்று அழுதார் அண்ணன். அரணைக்குக் கொடிய விஷம் என்பது ஊரின் முடிவு.

டாக்டர் கலயத்தை வாங்கினார். அவரைப் பார்க்க வந்திருந்த கல்லூரி வாத்தியார் ஒருவரும் எட்டிப் பார்த்தார். பிராணி சாஸ்திரம் கற்பிக்கிறவர். அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் இறங்கியது.

"யூப்ரெப்பஸ்" என்று அரணையின் சாஸ்திரப் பெயரைப் படித்தார் டாக்டர்.

"அது பழைய பெயர் சார். லண்டனில் மாற்றிவிட்டார்கள். இப்போது மபூயா" என்றார் வாத்தியார்.

"என் புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது."

"உங்கள் புத்தகம் உங்களுக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகிவிட்டது!"

முதுகுச் செதிலை எண்ணினார்கள். விலாவில் ஓடும் கோட்டைப் பார்த்தார்கள். வாலை அளந்தார்கள். பெஞ்சில் கிடந்தவர் முனகிக்கொண்டிருந்தார். அவரை அளக்கத்தான் ஆள் இல்லை.

கடைசியில் ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள். எந்தப் பெயராக இருந்தால் என்ன, அரணைக்கு விஷம் கிடையாது.

"ஒண்ணும் பயமில்லை வே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்" என்றார் டாக்டர். அண்ணன் அவர் காலில் விழாத குறை. தம்பியை மறுபடி வண்டிக்குத் தூக்கினார்கள்.

அப்போதுதான் கடிபட்டவரின் மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"ஏன்யா, செத்த பூச்சிக்குப் பேரு வச்சாச்சுல்லா? இனியாவது உசிரோட இருக்க மனுசனைப் பாருங்க! கை உலக்கை கணக்கா வீங்கிட்டு. ஈறுல ரத்தம் வருது. சும்மா போகச் சொல்லுதிய... எங்கன போக?"

டாக்டர் முதல்முறையாகக் கையைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் ஆழமான இரண்டு துளைகள். முழங்கையைத் தாண்டிய வீக்கம். அவர் முகம் மாறியது.

"ஏலே, இந்த அரணை கடிச்சதை நீ பாத்தியா?"

"கடிச்சதைப் பாக்கலய்யா" என்றார் அண்ணன் மெதுவாக. "கடிச்ச பொறவு இதுதான் ஓடுச்சி. அடிச்சிட்டேன்."

"கடிச்சது விரியன்டா!"

பிறகு கடிவாயைக் கீறக் கத்தி, விஷத்தை முறிக்கப் பெர்மாங்கனேட், ஓட்டம், கூச்சல் எல்லாம் நடந்தது. ஆள் பிழைத்துவிட்டார். வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மண்வெட்டி பிடித்துப் பிழைக்கிறவருக்கு அது என்ன கணக்கு என்று எந்தப் புத்தகத்தில் பார்ப்பது?

ஊர் சொன்னது தப்பு. படித்தவர்கள் சொன்னது சரி — எழுத்துக்கு எழுத்து சரி. என் ஆத்திரமே அதில்தான்! வழியில் போன அரணைக்கு அவ்வளவு நேரம் நியாயம் வழங்கியவர்களுக்கு, அந்தக் கையை ஒருமுறை திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அரணை இப்போது ஆஸ்பத்திரி ஜாடியில் மிதக்கிறது. வெளியே ஒட்டிய சீட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன. சமாதானம் ஆகிவிட்டார்களாம்.

கடிபட்டவரின் பெயரை அன்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. மனைவி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். நான்தான் கட்டிலருகே போய் அவரிடமே கேட்டேன்.

சுடலைமுத்து. லண்டனில் யாரும் இதை மாற்ற முடியாது.