நல்ல சத்தம் கேட்ட பீங்கான்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் சரக்கைத் தட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் சின்னக் கம்பியால் தட்டுவேன். 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் விரிசல். பின்பக்கக் குப்பை மேட்டுக்குப் போகும். ஏழு வருடத்தில் அது வியாதியாகிவிட்டது. வீட்டில் சோற்றுக் குண்டானைக்கூடத் தட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, திட்டக்குடியிலிருந்து என் மனைவியின் அண்ணன் ஏர்கன்னோடு வந்தார். சோளக்கொல்லையில் கிளி விரட்ட வாங்கியது. மறுவாரம் அவருக்கு அரசு பஸ் டிரைவர் வேலைக்குக் கண் டெஸ்ட். ஆறு வருடம் காத்திருந்து வந்த கார்டு சட்டைப் பையிலேயே இருந்தது.

"கண்ணு நல்லா இருக்குதான்னு பாத்துக்கலாம், வாங்க மாப்ள" என்றார்.

மனைவியும் சேர்ந்துகொள்ள, மூவரும் பட்டறைக்குப் பின்னால் போனோம். கழுத்து உடைந்த பொம்மைகளைக் குட்டிச்சுவரில் வரிசையாக வைத்தோம். மச்சான் இரண்டை உடைத்தார். என் மனைவி, துப்பாக்கியை அன்றுதான் தொட்டவள், இரண்டை உடைத்தாள். நான் சுட்ட மூன்றும் வேலிக்காத்தான் புதருக்குள் போயின.

"கண்ணத் தொறந்துகிட்டு சுடுங்க மாப்ள."

"தாலி கட்டறப்பவே கண்ண மூடிக்கிட்டுதாண்ணே இருந்தாரு" என்றாள் மனைவி.

"பெருசா ஒண்ணு எடுத்தாந்து வைங்க. அதுலயாவது படுதான்னு பாப்பம்" என்றார் மச்சான்.

ரோஷத்தோடு குப்பை மேட்டுக்குப் போனேன். கை தானாகக் கம்பியைத் தேடியது. தட்டினேன். டொக். தூக்கிப் போட்டேன். இன்னொன்றும் டொக். மூன்றாவது, மின்கம்பத்தில் மாட்டும் உருண்டைப் பீங்கான்; பூச்சில் ஒரு புள்ளி விழுந்ததால் மட்டும் கழித்தது. ணங். அதை எடுத்துச் சுவரில் வைத்தேன். உடைப்பதற்கு ஒன்றைத் தேடப் போனவன், உடையாததைப் பொறுக்கி எடுத்து வந்திருந்தேன்.

மச்சான் பக்கத்தில் நின்று என் தோளைச் சரிசெய்தார். சுட்டேன். பட்டது. 'ணங்' என்று அருமையான சத்தம். மனைவி பார்த்தாளா என்று பெருமையாகத் திரும்பினேன். மச்சான் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் ரத்தம்.

நான் ஓடினேன். ஆட்டோ பிடிக்கத்தான் ஓடினேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். ஆட்டோ கிடைத்தது. ஏறினேன். "ஆஸ்பத்திரிக்கு, சீக்கிரம்" என்று கத்தினேன். வாசலில் இறங்கியதும் வாட்ச்மேன், என் கையிலிருந்த துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். சீட்டு காலி.

அரை மணி கழித்து, களிமண் ஏற்றும் டெம்போவில் மனைவி அவரை அழைத்து வந்தாள். முந்தானை முழுக்கச் சிவப்பு.

அந்த அரை மணியால் எதுவும் கெட்டுவிடவில்லை, ரவை தெறித்துப் பட்ட நொடியிலேயே பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

டெஸ்ட் நாளன்று மச்சான் கட்டோடு எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். ரத்தம் உலர்ந்து ஒட்டிப்போன கார்டை மனைவி தண்ணீர் தொட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போதும் சாப்பிட வருவார். தண்ணீர் டம்ளர் அவருக்கு இடப்பக்கம் இருந்தால், சத்தமில்லாமல் வலப்பக்கம் நகர்த்தி வைப்பேன்.

"நவுத்தாதீங்க மாப்ள" என்பார், தலையைத் திருப்பாமல். "அங்கதான் இருக்கும்னு தெரியும்."