வாய் அவளுடையது, குரல் வேறொருத்தியுடையது

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இருபது ஆண்டுகளாகத் தமிழர் வீட்டுத் திருமணங்களைப் படம் பிடித்தவர் வின்சன்ற். வார நாள்களில் பூட்டுத் தொழிற்சாலை. சனி ஞாயிறுகளில் தோளில் கமரா. அவர் தொகுத்த வீடியோக்களுக்கு ஒரு நியதி உண்டு. மண்டபத்தின் ஒலி ஒரு துளியும் கேட்கலாகாது. ஐயரின் மந்திரம், குழந்தையின் அழுகை, பெற்றவளின் விம்மல் யாவற்றையும் அழித்து, மேலே பாட்டு ஏற்றிவிடுவார். ஊரார் விரும்பியதும் அதுவே. அவருக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுவே.

அவர் மனைவி றீற்றா தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவள். பழம்பொருட் சந்தையில் வாங்கிய இசைத்தட்டில், அறுபதுகளின் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'சோல்' இசைப் பாட்டொன்றைக் கேட்ட நாள் முதல் சமையலறையில் அதையே பாடித் திரிந்தாள். பிரிந்துபோனவனை ஒரு பெண் இரந்து அழைக்கும் பாட்டு.

"காதல் பாட்டெண்டு ஆர் சொன்னது? இது செபமப்பா," என்பாள்.

தொண்ணூற்று நான்கில், வின்சன்ற் படம் பிடித்த நண்பர் தங்கராசாவின் திருமண விருந்தில், பலரும் வற்புறுத்த மேடையேறி அதைப் பாடினாள். மேடையில் அவள் தனித்துப் பாடியது அந்த ஒருமுறைதான்.

அவ்வாண்டு அதே பாட்டின் ரீமிக்ஸ் கடைதோறும் அதிர்ந்துகொண்டிருந்தது. வின்சன்ற் வழக்கம்போல மனைவியின் குரலை அழித்து, அந்த ரீமிக்ஸை ஏற்றினார்.

"என்ர குரல் எங்கையப்பா?"

"அதில மண்டபத்து இரைச்சல். இது கிளீனாயிருக்கு. உன்ர வாயும் பொருந்துது, பாரன்."

அவள் சற்று நேரம் திரையைப் பார்த்தாள். "ஓம், பொருந்துது," என்று எழுந்து போனாள்.

மூல நாடாவின் மேல் அடுத்த வாரமே யாரோ ஒரு சிறுமியின் சாமத்தியச் சடங்கு, பூப்பு நீராட்டு, பதிவாயிற்று. அதன்பின் சமையலறையிலும் அவள் அந்தப் பாட்டைப் பாடவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை.

இரண்டாயிரத்து நான்கில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோயிற்று. மறு மாதம் முதல் வின்சன்ற் தம் வீடியோ நாடாக்களைத் தேடத் தொடங்கினார். எத்தனையோ பந்திகளில் றீற்றா சிரிக்கிறாள், பேசுகிறாள். ஒலிப்பதோ சினிமாப் பாட்டு. பாடகர் குழுவின் பதிவில் முப்பது குரல்களுள் அவளுடையது எதுவென அவரால் பிரித்தறிய இயலவில்லை. ஏட்டில் செல்லரித்த எழுத்தையேனும் இடம் நோக்கி உய்த்துணரலாம். அழித்த குரலுக்கு உரை காண்பார் யார்?

இரண்டாண்டு கழிந்து, பக்கத்து நகரமான டுசல்டோர்ஃபிலிருந்து தங்கராசா தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, மனிசியின்ர தமையன் எங்கட கலியாணத்தில சின்னக் கமராவால எடுத்த கசற் ஒண்டு கிடைச்சிருக்கு. றீற்றா அக்கா பாடுறா. பாட்டு ஒண்டும் ஏத்தேல்லை, அப்பிடியே கிடக்கு."

வின்சன்ற் அடுத்த ரயிலில் ஏறினார்.

தங்கராசா நாடாவை ஓடவிட்டார். "எனக்கு அப்ப எவ்வளவு தலைமயிர், பாத்தீங்களே அண்ணை?"

"அதையும் ஆரோ அழிச்சுப்போட்டினம்," என்றாள் அவர் மனைவி சந்திரகாந்தி, தேநீரை வைத்தபடி.

வின்சன்ற் சிரிக்கவில்லை. திரையில் றீற்றா ஒலிவாங்கியைப் பிடித்துக் கண்களை மூடினாள். இரண்டு சொற்கள் எழுந்தன. சற்றே கரகரத்த, நடுங்கிய, அவளுக்கே உரிய குரல். அவர் கைகள் தாமாகக் குவிந்தன.

இரண்டாம் சொல் முடியுமுன்பே கமராவின் அருகிலிருந்து ஓர் ஆண்குரல் வெடித்தது. "அண்ணை, தள்ளுங்கோ! லைற்றை மறைக்காதேங்கோ! கேக்கைக் கொண்டுவாங்கோ, இவ பாடேக்கையே வெட்டுறதை எடுத்துப்போடுவம். எப்பிடியும் மேல பாட்டுத்தானே ஏத்தப்போறன்!"

பாட்டு முடியும்வரை அந்தக் குரல் ஓயவில்லை. அது வின்சன்றின் குரல்.

தங்கராசா நிறுத்தக் கை நீட்டினார்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றார் வின்சன்ற். "திருப்பி முதலில இருந்து விடுங்கோ. அந்த ரெண்டு சொல்லே எனக்குப் போதும்."

தங்கராசா திருப்பினார், பிறகும் திருப்பினார். ஒவ்வொரு முறையும், இரண்டாம் சொல் முடியுமுன்னே, "அண்ணை, தள்ளுங்கோ!" என்று வின்சன்றின் குரல் தவறாமல் வந்து சேர்ந்தது.