நஸார் நானாவின் றப்பர் மீன் கோப்பு

"மஸ்கட் நானா மௌத்தாகிட்டாராம்" என்று கைபேசியில் குரல் செய்தி வந்தபோது நான் பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். மரணச் செய்திக்கு இன்னாலில்லாஹி சொல்ல வேண்டிய வாய், அந்தப் பட்டப்பெயரைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். நஸார் நானாவுக்கு அந்தப் பெயரைச் சூட்டியவன் நான்தான். ஏன் சூட்டினேன் என்பதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அவரை அறிந்த உங்களுக்கு இன்று சொல்கிறேன். அதன் பிறகு என்னோடு கதைப்பதும் கதைக்காததும் உங்கள் இஷ்டம்.

நஸார் நானா தபால் கந்தோரில் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்தே ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்த கையோடு தூண்டில் தடி வாங்கினார். இறால் குத்திக் கொடுவா மீன் பிடிப்பது அவருக்குப் பிடிக்காது. மென்மையான பிளாஸ்டிக்கில் செய்த, தண்ணீரில் இழுத்தால் வாலாட்டிக்கொண்டு வரும் பொய் மீன்கள்தான் வேண்டும். நாங்கள் அவற்றை றப்பர் மீன் என்போம். மற்றவர்கள் பெரிய பெட்டியில் அள்ளிப்போட்டுச் சுமப்பதை, நானா ஒரு வளையக் கோப்புக்குள் அடக்கினார். ஒவ்வொரு வகையும் அது வந்த பையிலேயே இருக்கும். காற்றை அழுத்தி வெளியேற்றி, ஓரத்தில் துளையிட்டு, வளையத்தில் கோத்துவிடுவார். வால் மடங்காது. வெளிர் நிறம் முன்னால், இருண்ட நிறம் பின்னால். அத்தனையும் மோட்டார் சைக்கிள் ஆசனத்துக்கு அடியில் ஒடுங்கிவிடும்.

ஒருமுறை பஸ்ஸில் அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்தார். முன்னால் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "என்ன நானா, காணி வழக்கா?"

"ஓம். ரெண்டு வருஷமா இழுபடுது. கொடுவா இன்னும் கையெழுத்து வைக்கல்ல."

அந்த மனிதர் புத்தளம் வரும்வரை கொடுவா என்பவர் எந்த ஊர்க்காரர் என்று யோசித்துக்கொண்டே வந்தார்.

கொழும்பிலிருந்து இரண்டு விருந்தாளிகள் வந்து, உச்சமுனைக்குப் படகில் மீன் பிடிக்கப் போக வேண்டும் என்றார்கள். நான் அவர்களிடம் என்னைப் பெரிய தூண்டில்காரன் என்று அளந்துவிட்டிருந்தேன். கோப்பை இரவல் கேட்டேன். நானா தயங்காமல் தந்தார். ஒன்று மட்டும் சொன்னார்: "பைய விட்டு எடுத்தா அதே பையில போடு தம்பி. எல்லா றப்பரும் ஒரே றப்பர் இல்ல. வேற வேற சாமான ஒண்டா போட்டா ஒண்ட ஒண்டு தின்னும்."

விருந்தாளிகள் முன்னால் குமாஸ்தா மாதிரிக் கோப்பு தூக்க எனக்கு வெட்கம். நானாவை விட நான் கெட்டிக்காரன் அல்லவா? எல்லா மீனையும் பைகளிலிருந்து உருவி ஒரே சாப்பாட்டுப் பெட்டிக்குள் திணித்தேன். இடம் இன்னும் மிச்சம். அன்று ஒன்றும் பிடிபடவில்லை. பெட்டியை மோட்டார் சைக்கிளிலேயே மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால், சிவப்பும் பச்சையும் மஞ்சளும் உருகிக் கலந்து, எண்ணெய் கக்கி, அசல் மஸ்கட் அல்வாத் துண்டு மாதிரிக் கிடந்தது. கத்தி இருந்தால் வெட்டித் தட்டில் வைக்கலாம்.

நான் செய்ததைக் கேளுங்கள். கரண்டியால் கிள்ளிக் கிள்ளிப் பைகளில் அடைத்தேன். நானா அஸர் தொழப் போன நேரம் பார்த்து, கோப்பை அவர் மனைவி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். மதினி அதை ஜன்னலோரம் வைத்தார்.

இரண்டு நாள் கழித்து நான் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் நானா கோப்பைத் திறந்தார். மதினி தலையில் கை வைத்தார். "அல்லாஹ்வே, வெயில்ல வெச்சது நான்தானே!" நான் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன், தேநீர்க் கோப்பைக்குள்.

"வெயிலுக்கு நீ என்ன செய்வாய்" என்று மதினியிடம் சொன்ன நானா, வாசல்வரை என்னோடு வந்தார். "தம்பி, வெயில் உருக்கும். பைய மாத்திப் போடாது. பச்சப் பையில சிவப்பு ஈக்கி." வாழ்நாளெல்லாம் கடிதம் பிரித்தவரிடம் நான் விலாசம் மாற்றப் பார்த்திருக்கிறேன்! பிறகு சொன்னார்: "அவளுக்கு நீயே சொல்லு. நான் சொன்னா நீ இந்த வாசலுக்கு வரமாட்டாய்."

நான் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வாரம் தேநீர்க் கடையில், நானா மீனை மஸ்கட் ஆக்கிய கதையை, மதினியின் ஜன்னலையும் சேர்த்து, நடித்தே காட்டினேன். கடை குலுங்கியது. பெயர் ஒட்டிக்கொண்டது. நானா அந்தப் பெயருக்கும் "ஓம்" என்று திரும்பிப் பார்த்தார். என்னை மட்டும் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள் போனேன். "அவரு ஆசையா சேத்த மீன என்னாலதானே இழந்தாரு. ஒரு வார்த்த ஏசல்ல" என்று மதினி அழுதார். "மாப்புக் கேக்கவும் மறந்துட்டன் தம்பி. இனி யாருக்கிட்ட கேப்பன்?" நான் வாய் திறந்தேன். அவர் பிஸ்கட் தட்டை நீட்டினார். வாய் அதற்குத்தான் திறந்தது போல ஒன்றை எடுத்துக் கடித்தேன். புறப்படும்போது, "நீங்கதான் அவரோட கூட்டாளி" என்று கோப்பை என் கையில் தந்தார்.

அது இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. நானா புதிதாகச் சேர்த்தவை, வால் மடங்காமல், அததன் பையில். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுவும், நான் நிறைவேற்றாத அந்த ஒரு வேலையும்தான். அந்த வேலையை இந்தப் பக்கத்தில் செய்கிறேன்: மதினி, ஜன்னலில் நீங்கள் வைப்பதற்கு முன்பே அவை உருகியிருந்தன. உருக்கியவன் நான். மாப்புக் கேட்க வேண்டியவனும் நான்தான்.

மதினி சிலாபத்துப் பக்கத்தவர், படித்தது சிங்களத்தில். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது.