கில்ஆல் வாத்து

"எல்லாம் ஒண்ணுதான்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் சொன்னான். லினக்ஸ் இயங்குதளத்தில் நன்றாக வேலை செய்கிற ஒரு கட்டளையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வேறொரு யூனிக்ஸ் இயந்திரத்தில் தட்டி, அரை நாள் வேலையைக் கெடுத்து வைத்திருந்தான். கேட்டால், "ரெண்டும் யூனிக்ஸ்தானேக்கா, எல்லாம் ஒண்ணுதானே" என்று இளிக்கிறான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பாவம், அந்தப் பையன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. இருபது வருடமாக ஒருவருக்காகச் சேர்த்து வைத்திருந்ததை அவன் தலையில் கொட்டினேன்.

அந்த ஒருவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு அடுத்துப் பிறந்தவர். அவருக்கு அடுத்தவள் அத்தை. அப்போது எல்லோரும் மர்பி டவுனில் ஒன்றரை அறை வீட்டில் இருந்தோம். அந்த அரை அறையை முழுசாக அடைத்துக்கொண்டு இருந்தது சித்தப்பாவின் கம்ப்யூட்டர். எஸ்.பி. ரோட்டுப் பழைய சாமான் கடைகளில் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து அவரே பூட்டியது. அதற்கு மூடி கிடையாது. ஷாக் அடிக்கும் என்று அம்மா அதன்மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தி வைத்திருந்தாள்.

சித்தப்பா சிவாஜி நகரில் ஒரு சென்டரில் லினக்ஸ் படித்தவர். எத்தனை வருடம் என்று கேட்காதீர்கள், ஆறு வாரம். ஆனால் பேச்சைக் கேட்டால் யூனிக்ஸுக்கே பேர் வைத்துத் தொட்டில் கட்டியவர் மாதிரி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் வம்சாவளி ஆரம்பித்துவிடும். யூனிக்ஸ்தான் மூத்த தலைமுறை, அதன் பிள்ளைகள் பி.எஸ்.டி., சோலாரிஸ், ஏ.ஐ.எக்ஸ்., எச்.பி.யூ.எக்ஸ்., அந்த வீட்டுக்குத் தத்து வந்த பிள்ளை லினக்ஸ். "பேருதான் வேற வேற பாப்பா. எல்லாம் ஒண்ணுதான். ஒண்ணுல கமாண்டு தெரிஞ்சிக்கினா போதும், எல்லாத்துலயும் நீதான் ராணி."

"ஒரே வயித்துல பொறந்த நீங்க மூணு பேரும் ஒண்ணாவா இருக்கீங்க தம்பி?" என்று அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பாள். சித்தப்பா ரசத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்.

படித்த படிப்புக்கு அடையாளமாக அவர் ஒரு விளையாட்டு எழுதியிருந்தார். திரையில் ஒரு வாத்து குளத்தைக் கடக்கும். அதாவது கடக்க வேண்டும். பாதிக் குளத்தில் வாத்து நின்றுவிடும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நகராது. விளையாட்டைச் சரிசெய்ய அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, நின்றுபோன வாத்தை ஒழிக்க எனக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். கறுப்பு விண்டோவைத் திறந்து 'கில்ஆல்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஆங்கில எழுத்தில் 'வாத்து' என்று தட்டி என்டரை அழுத்த வேண்டும். வாத்து போய்விடும், மறுபடி முதலிலிருந்து ஆடலாம். ஒரு நாளைக்கு இருபது முறையாவது நான் அதைத் தட்டியிருப்பேன். பத்து வயதில் எனக்கு இரண்டாம் வாய்ப்பாட்டைவிட அது நன்றாகத் தெரியும். கட்டளையில் முதல் பாதி செயல், மறுபாதி யாரை என்று எனக்குத் தெரியாது. மாட்டிக்கொண்ட எதையும் எடுத்துவிடுகிற மந்திரம் என்றே நினைத்திருந்தேன்.

அத்தைதான் வீட்டில் உண்மையாகவே கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். மல்லேஸ்வரத்தில் வரைபடம் தயாரிக்கிற ஒரு சின்ன அலுவலகம். செயற்கைக்கோள் எடுத்த படங்களைத் துண்டு துண்டாக ஒட்டி ஒரு ஜில்லாவுக்கே வரைபடம் ஆக்குவார்கள். அந்த ஒட்டுகிற வேலையைச் செய்தது ஒரு பெரிய யூனிக்ஸ் இயந்திரம். அதைப் பார்த்துக்கொள்வது அத்தையின் பொறுப்பு. இரண்டு வருடமாக டெம்பரரி. அந்த முறை ஒரு பெரிய வரைபடம். இயந்திரம் ஒன்பது நாள் நிற்காமல் ஓட வேண்டும், திங்கட்கிழமை காலை படம் கைக்கு வர வேண்டும். வந்தால் அன்றைக்கே பர்மனென்ட் ஆர்டர் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். 'பர்மனென்ட்' என்ற சொல்லை அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் சொன்னோம், கண் பட்டுவிடும் என்று.

மாதக்கணக்காக "உன் மிஷினக் கண்ணுல காட்டு" என்று சித்தப்பா நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை அத்தைக்கு என்ன தோன்றியதோ, சரி என்றாள். மேனேஜர் அன்று வரமாட்டார். அம்மா கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிருந்ததால், அரை நாள் பள்ளி முடிந்த என்னையும் சித்தப்பா இழுத்துக்கொண்டு போனார்.

அறையில் ஏ.சி. ஜில்லென்று இருந்தது. இயந்திரம் ஒரு பீரோ உயரத்துக்கு நின்று உறுமிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் அதே கறுப்பு விண்டோ. எட்டு நாள் ஓடி முடிந்திருந்தது, இன்னும் ஒரே நாள். அத்தை முகம் அப்படிப் பூரித்து நான் பார்த்ததில்லை. "கீழ தர்ஷினி ஓட்டல்ல மசாலா தோசை கட்டிக்கினு வரேன். இந்தப் படம் காட்டுற விண்டோ அப்பப்ப மாட்டிக்கும், அது சும்மா. உள்ள வேல ஓடிக்கினேதான் இருக்கும். எதையும் தொடாதீங்க. ண்ணா, உனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றாள்.

எனக்குச் சொன்னதில் தோசை மட்டும்தான் காதில் விழுந்தது.

அவள் போன கொஞ்ச நேரத்தில் வரைபடம் நின்றுவிட்டது. அம்புக்குறி கடிகாரமாக மாறி அப்படியே நின்றது, எங்கள் வாத்து மாதிரியே. பாவம் அத்தை, வந்து பார்த்தால் வருத்தப்படுவாளே என்று எனக்கு ஒரு கரிசனம். சித்தப்பா மேசைமேல் கிடந்த இங்கிலீஷ் பேப்பரை விரித்துப் பெரிய ஆபீசர் தோரணையில் உட்கார்ந்திருந்தார்.

"சித்தப்பா, இது மாட்டிக்கிச்சு. நம்மூட்டுல தட்டுற மாதிரி இங்கயும் தட்டட்டுமா?"

பேப்பரைக் கீழே இறக்கவில்லை அந்த மனிதர். "எல்லாம் ஒண்ணுதான் பாப்பா. தட்டு."

தட்டினேன்.

யூனிக்ஸ் குடும்பத்தில் எல்லாம் ஒன்றில்லை. லினக்ஸில் கில்ஆல் என்று சொல்லி ஒரு பேரைச் சொன்னால் அந்தப் பேருள்ளதை மட்டும் நிறுத்தும். அந்த வீட்டுப் பழைய பிள்ளைகள் சிலவற்றில் அது பேரையெல்லாம் விசாரிக்காது. இயந்திரத்தை மூடுவதற்கு முன்னால் ஓடுகிற அத்தனையையும் நிறுத்தவென்றே வைத்த கட்டளை அது. அதுவும் அத்தை அந்த விண்டோவில் இயந்திரத்தின் முழு அதிகாரத்தோடு நுழைந்திருந்தாள். சொன்னவள் பத்து வயதுப் பெண் என்று அதற்குத் தெரியுமா? எட்டு நாள் வேலையை ஒரு நொடியில் கொன்றுவிட்டது. திரை கறுத்தது. உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

சித்தப்பா பேப்பரைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. என்னைத் தூக்கி அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார். சரிசெய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. அத்தை உள்ளே வந்ததும் எழுந்து நின்று, "நான்தாம்மா தட்டிட்டேன். மாட்டிக்கிச்சேன்னு..." என்றார்.

அத்தை கத்தவில்லை. பொட்டலம் கையில் இருந்தபடியே, "எட்டு நாளு ண்ணா" என்றாள். மறுபடியும், "எட்டு நாளு." வாட்ச்மேன் தலையை நீட்டிக் கன்னடத்தில், "கரெண்ட் ஹோய்த்தா மேடம்?" என்று கேட்டான். "ஹௌது" என்றாள் அத்தை, கரண்ட்தான் போயிற்று என்று. பிறகு எங்களிடம், "போங்க. யாராவது பாக்கறதுக்கு முன்னாடி கிளம்புங்க" என்றாள்.

பஸ் ஏறினோம். அல்சூர் வந்தபோது சித்தப்பா, "பசிக்குதா பாப்பா?" என்று கேட்டார். தோசை போன கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு அத்தை வந்தாள். அன்று அவள் சித்தப்பாவைத் திட்டிய திட்டு எங்கள் தெருவுக்கே கேட்டிருக்கும். "ஆறு வாரம் படிச்சிட்டு அளக்கறியே, வெக்கமா இல்ல? என் பொழப்புல மண்ணப் போட்டியே, நல்லா இருப்பியா?" அப்பாவும் சேர்ந்துகொண்டார். அம்மா நடுவில் புகுந்து, "ஒரே வயித்துல பொறந்த நீங்களே ஒண்ணாவா இருக்கீங்கன்னு அப்பவே கேட்டேனே தம்பி" என்று தன் பங்குக்கு ஒன்று வைத்தாள். சித்தப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் கழித்து உள்ளே வந்து, புடவை போர்த்திய கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தட்டு என்று சொன்னவர் அவர், அதனால் தப்பு அவருடையது என்று என் கணக்கு. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள், சும்மா சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஆர்டர் வரவில்லை. வெளியாட்களை உள்ளே விட்டது தெரிந்தால் அன்றே அனுப்பிவிடுவார்கள் என்று, தன் கைதான் தவறியது என்று மேனேஜரிடம் அத்தை சொல்லியிருக்கிறாள். அப்படியும் மாதக் கடைசியில் போகச் சொல்லிவிட்டார்கள். அதன்பின் ஒன்றரை வருடம் நீலசந்திராவில் ஒரு சென்டரில் பிள்ளைகளுக்கு டைப்பிங் சொல்லிக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் வேறு நல்ல வேலை கிடைத்தது.

சித்தப்பாவுக்கு அன்றைக்கு விழுந்த பேர் போகவே இல்லை. கல்யாணம், காதுகுத்து எங்கே கூடினாலும், "எல்லாம் ஒண்ணுதான்னு தங்கச்சி வேலைக்கு உல வெச்சவன்" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அவர் மாதிரியே பேப்பரைப் பிடித்துக்கொண்டு, "தட்டு!" என்று நடித்துக் காட்டுவதில் நான் கெட்டிக்காரி. ஒரு பொங்கலுக்கு அப்படி நடித்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார். 'தட்டு' என்று அவர் யாரிடம் சொன்னார் என்று கூட்டத்தில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை. அட, எனக்கே தோன்றவில்லை! வளர்ந்து, இதே தொழிலுக்கு வந்து, அந்தக் கட்டளையின் முழு விவரம் தெரிந்த பிறகும், "பெரிய மனுஷன், ஒரு குழந்தை கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமலா சொல்வது" என்று அவர்மேல்தான் எனக்கு எரிச்சல்.

போன வாரம் அந்தப் பையன், "நான் அப்படித் தட்டவே இல்லக்கா" என்று சாதித்தான். இதற்கெல்லாம் சாட்சி இயந்திரத்திலேயே இருக்கிறது. தட்டுகிற ஒவ்வொரு வரியையும் அது ஒரு கோப்பில் எழுதி வைக்கும். பழைய யூனிக்ஸிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. இந்த ஒன்றில் சித்தப்பா சொன்னது சரிதான். "இங்க பாருடா உன் லட்சணத்தை" என்று திறந்து காட்டினேன். அவன் தட்டிய வரி எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தது. அவனை மேற்கொண்டு திட்ட வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று நான் தட்டிய வரியும், வாத்து உட்பட, அத்தையின் இயந்திரத்தில் இப்படித்தானே இருந்திருக்கும்.

அந்தச் சனிக்கிழமை, வீட்டுக்குள் வந்து சித்தப்பாவைத் திட்டுவதற்கு முன்னால், அத்தை வாசல் குழாயடியில் நின்று கால் கழுவினாள். நான் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உன் வாத்து விளையாட்டுக்கு கம்ப்யூட்டர்ல இன்னா பேரு பாப்பா? ஸ்பெல்லிங் சொல்லு" என்று கேட்டாள். அத்தைக்கும் ஆட ஆசை வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். வி, ஏ, ஏ, டி, எச், யூ என்று பள்ளியில் ஒப்பிப்பதுபோல் கணீரென்று சொன்னேன். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். என் தலையில் ஈரக் கையை வைத்து, "நல்லா சொல்ற" என்றாள். பையிலிருந்து மத்தியானத் தோசைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய் அவரைத் திட்ட ஆரம்பித்தாள்.

நான் வாசலிலேயே பொட்டலத்தைப் பிரித்து, சட்னி ஊசிப்போய்விட்டது என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.