ஓட்டியவர் பெயர்

சாரங்கு முதன்முதலாக எங்கள் அலுவலகத்துக்கு வந்த திங்கட்கிழமை காலையில், அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் இரண்டு முழங்கால்களிலும் மண் அப்பியிருந்தது. சட்டையின் தோளிலும் முதுகிலும் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பார்த்தது இரத்தத்தை. நான் பார்த்தது முழங்கால்களை. காரை ஓட்டி வந்து ஒருவர்மேல் மோதிய மனிதருக்கு முழங்காலில் எப்படி மண் ஒட்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. கேள்வி எழுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அறுபதுகளின் கடைசியில் பாரிமுனையில் இருந்த ஒரு தனியார் இன்சூரன்ஸ் கம்பெனியில் நான் விபத்துக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆளாக இருந்தேன். முப்பது வயது. மோட்டார் வாகனச் சட்டத்தைப் பிரிவு எண்ணோடு ஒப்பிப்பேன். அப்படி ஒப்பிக்கிறவர்களை மற்றவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பது மட்டும் அந்த வயதில் தெரியவில்லை.

சாரங்கு என்பது அவர் பெயர் அல்ல, வேலை. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் சிறிய கப்பலை 'டக்' என்பார்கள். அதற்குத் தலைவர் சாரங்கு. ராயபுரத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, சாரங்கு வீடு என்றால் குழந்தைகூடக் கையைப் பிடித்து அழைத்துப் போகும். ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். ஊருக்குத் திரும்பிய கப்பல் கம்பெனி அதிகாரி ஒருவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். ராயபுரத்தின் அந்தத் தெருக்களில் கார் வைத்திருந்த துறைமுகத் தொழிலாளி அவர் ஒருவர்தான் என்பதில் அவருக்கு ஒரு கூச்சம் கலந்த பெருமை.

அன்று நான் கொடுத்த பாரத்தை நின்றபடியே பூர்த்தி செய்தார். ஞாயிறு மாலை, மாதா கோயிலுக்கு எதிரே, வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பும்போது, ஷிப்டுக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த திருவொற்றியூர் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் மீது மோதியது. வலது கால் நசுங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். 'ஓட்டியவர் பெயர்' என்ற இடத்தில் சாரங்கு தயங்காமல் தன் பெயரை எழுதினார். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்படியே எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதமும் கட்டினார். லைசென்ஸ் இருந்தது, பாலிசி உயிரோடு இருந்தது. கால் இழந்தவருக்கு எங்கள் கம்பெனி நஷ்டஈடு கொடுத்துவிட்டுக் கோப்பை மூட வேண்டியதுதான் பாக்கி. அந்த முழங்கால்கள் மட்டும் இல்லாதிருந்தால் நான் மூடியிருப்பேன்.

மாதா கோயிலுக்கு எதிரே, குகை போலக் கட்டி மாதா சிலை வைத்த ஒரு கெபி உண்டு. நஷ்டஈட்டு மனு வந்த வாரத்தில், அதன் வாசலில் மெழுகுவத்தி விற்கும் அம்மாளிடம் போய் நின்றேன். சாரங்கைத் தெரியுமா என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சாரங்கா? தங்கமான மனுசன் சாமி! இங்கதான், மாதா முன்னாடி மண்டி போட்டுகினு இருந்தாரு. டமார்னு சத்தம். சிலுவகூட போட்டு முடிக்கல, அப்டியே எய்ந்து ஓடுனாரு. அந்த ஆள தோள்ள தூக்கிப் போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு பாரு, இந்தக் காலத்துல யாரு செய்வா?"

"அவர் இங்கே மண்டியிட்டிருந்தார். அப்படியானால் வண்டிக்குள் யார் இருந்தது?"

அந்த அம்மாள் வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "இன்னா சாமி நீ, வந்ததுலேர்ந்து கேள்வியாவே கேட்டுகினு கீற. மெழுகுவத்தி வாங்கிறியா, இல்ல நவுர்றியா? யாவாரம் கெடுது."

இரண்டு மெழுகுவத்தி வாங்கினேன். ரசீது தராததால் அந்தச் செலவைப் பயணப்படிப் பட்டியலில் எழுத முடியவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டபோது, தனக்குக் கை நாட்டுதான், அதுவும் இன்றைக்கு வலிக்கிறது என்று சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். மீன் கூடைக்காரி முதல் சோடாக்கடைக்காரர் வரை அந்த நேரத்தில் எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒரு தெருவே ஒரே திசையில் திரும்பி நின்ற அதிசயத்தை என் குறிப்பில் பதிவு செய்துகொண்டேன்.

அன்று மாலையே துறைமுகக் குடியிருப்பில் சாரங்கின் வீட்டுக்குப் போனேன். கெபியின் கதையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் எனக்கு முதல் ஆச்சரியம். பொய் சொன்னவர்கள் பிடிபடும்போது முகத்தில் ஒரு மாற்றம் வரும். அதை நூறு முறை பார்த்தவன் நான். அவர் முகத்தில் அது வரவில்லை.

"ஆமா சார். ஞாயித்துக்கெயம பொண்ணுக்கு வண்டி கத்துக் குடுப்பேன். கோயிலாண்ட வந்தா எறங்கி ஒரு வத்தி ஏத்துவேன். நீ திருப்பி நிறுத்தும்மான்னேன். அவ்ளோதான்."

"அப்படியானால் ஓட்டியது நீங்கள் என்று எழுதியது பொய்."

"இன்னா சார் பொய்யி? டக்குல சுக்கான் புடிக்கிறவன் வேற ஆளு. அவன் ஜெட்டில கொண்டுபோயி இடிச்சான்னா பேப்பர்ல யார் பேரு? சாரங்கு பேரு. நான் கேபின்ல தூங்கிகினு இருந்தாலும் என் பேருதான். முப்பது வருசமா அப்டிதான் எய்திக் குடுக்கிறேன். ஒரு ஆபீசரும் பொய்யின்னு சொன்னதில்ல."

எங்கள் பாரத்தில் தவறான பதில் எழுதியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்காக, பயத்துக்காக, சில சமயம் பழக்கத்துக்காக. இவர் தன் தொழில் முறைப்படி மிகச் சரியான பதிலை எழுதியிருந்தார். அது எங்கள் தொழில் முறைப்படி மிகத் தவறான பதில்.

உள்ளேயிருந்து மகள் வந்தாள். ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்திருந்தவள். வண்டி பழகுவதற்கான லைசென்ஸ் மட்டும் வைத்திருந்தாள். பழகும் ஆள் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்து இருக்கைக்காரர் கெபியில் முழங்காலில் இருந்தார்.

"நான்தான் சார் ஓட்னேன். அப்பா பேரை அடிச்சிட்டு என் பேரை எய்திக்கோங்க. பணம் கட்டணும்னா நான் வேலைக்குப் போயி கட்றேன். எனக்குப் பத்தொம்போது ஆவுது."

நான் அவளுக்குச் சட்டத்தை விளக்கினேன். விளக்குவதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. வண்டி அப்பாவுடையது, அவர் சொல்லித்தான் நீ ஓட்டினாய், ஆகவே மகளுக்கு வயது வந்திருந்தாலும் நஷ்டஈட்டுக்கு அப்பாதான் பொறுப்பு என்றேன். காலிழந்தவரின் வக்கீல், போலீஸ் காகிதத்தைப் பார்த்து அவரையும் கம்பெனியையும் மட்டுமே எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார், உன் பெயர் வழக்கிலேயே இல்லை என்றேன். அவள் கவனமாகக் கேட்டாள். நல்ல ஆசிரியையாக வருவாள் என்று தோன்றியது. கேள்விகளை ஒழுங்காக அடுக்கினாள்.

"அப்பா ஓட்னார்னு இருந்தா அந்தாளுக்கு யார் சார் பணம் குடுப்பாங்க?"

"கம்பெனி. சில மாதங்களில் கிடைத்துவிடும்."

"நான் ஓட்னேன்னு இருந்தா?"

"கம்பெனிக்குப் பொறுப்பில்லை. உன் அப்பா கொடுக்க வேண்டும்."

"அவராண்ட இல்லையே."

"தவணையில் கொடுக்கலாம்."

கோபமே இல்லாமல் கேட்டாள்: "அப்ப எதுக்கு சார் கேக்க வந்தீங்க?"

அதற்கான பதில் எனக்குத் தெரியும். கம்பெனியின் பணம் என்பது பிரீமியம் கட்டிய எல்லோருடைய பணம், விதியை மீறிய ஒருவருக்காக அதைக் கொடுக்கக் கூடாது. நல்ல பதில்தான், பயிற்சி வகுப்பில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதில். அந்த அறையில் அதைச் சொல்வதற்குப் பதிலாக, சாரங்கு எனக்காக வாங்கி வைத்த கோலி சோடாவைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

கெபி அம்மாள் கையெழுத்துப் போடவில்லை. தெரு முழுவதும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவும் மகளும் சொன்னதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். நான் எழுதாமல் விட்டிருந்தால், லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்பதைக் கம்பெனியால் நிரூபித்திருக்க முடியாது. கேட்பதற்கு யாருமில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ஐந்து பக்க அறிக்கையை எழுதி முடித்தேன். ஒரு அடித்தல்கூட இல்லை. மேனேஜர் அதை மற்ற விசாரணைக்காரர்களுக்கு மாதிரியாகக் காட்டினார்.

தீர்ப்பாயத்தில் நான் சாட்சி சொன்னேன். என் குறுக்கு விசாரணை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை, பிசிறில்லாத சாட்சி. அடுத்து சாரங்கு. வண்டியை ஓட்டியது யார் என்று எங்கள் வக்கீல் கேட்டார். வேதாகமத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்த சாரங்கு, வக்கீலை விட்டுவிட்டு நீதிபதியைப் பார்த்தார்.

"பொறுப்பு நான்தான் சாமி. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"கேட்டது பொறுப்பு அல்ல. ஓட்டியது யார்?"

"பொறுப்பு நான்தான்."

மூன்றாவது முறையும் அதையே சொன்னபோது நீதிபதி எழுதத் தொடங்கிவிட்டார். கம்பெனி விடுவிக்கப்பட்டது, முழுத் தொகையையும் உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. தாழ்வாரத்தில் அவரைத் தவிர்த்து நழுவப் பார்த்தேன். கூப்பிட்டார்.

"நைனா, நீ உன் வேலையத்தான் செஞ்ச. அதுக்குப் போயி பேஜாராவாத. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. அம்மாம் பெரிய பாரத்துல, பொறுப்பு யாருன்னு கேக்க ஒரு எடம் வெக்கலையே, ஏன்?"

அந்தப் பாரத்தில் முப்பத்தைந்துக்கு மேற்பட்ட கேள்விகள். எல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தக் கேள்வி இல்லைதான்.

காரை விற்றார். அது முதல் தவணைக்குச் சரியாயிற்று. மீதியை மாதாமாதம் கொடுத்தார். மணியார்டரில் அனுப்பலாம் என்று நான் யோசனை சொல்லியிருந்தேன், அத்தாட்சி இருக்கும். அவர் கேட்கவில்லை. சம்பளம் வாங்கிய அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் மகளோடு பஸ் ஏறித் திருவொற்றியூருக்குப் போய் நேரில் கொடுப்பார். பணி ஓய்வுக்குப் பிறகும் போனார். இடையில் எங்கள் கம்பெனியையே அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நான் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றிக் கொடுத்த அந்தத் தொகை யாருடைய கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார், மூச்சு வாங்கியது. தான் இறந்துவிட்டால் மீதித் தொகையை மகளிடம் கேட்பார்களா என்று தெரிய வேண்டும். அவர் விட்டுப்போகும் சொத்திலிருந்து மட்டும்தான் வசூலிக்க முடியும், சொத்து எதுவும் இல்லாததால் மகளை யாரும் தொட முடியாது என்றேன். இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப நான் பூட்டேன்னா அவ தப்பிச்சா! இத மொதல்லியே சொல்லியிருந்தா சீக்கிரமே பூட்டிருப்பேனே, நைனா!"

அவருக்கு என்னால் கிடைத்த ஒரே நல்ல செய்தி அது. அந்த வருடமே காலமானார். அடக்கத்துக்குப் போனேன், கூட்டத்தின் பின்வரிசையில் நின்றேன். சில வாரங்கள் கழித்து, ராயபுரம் பஸ் நிறுத்தத்தில் மகளைப் பார்த்தேன். அப்போது அவள் பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை, கையில் ஒரு பழுப்பு உறை. எங்கே போகிறாள் என்று கேட்கத் தேவையில்லை. நான் கடமை தவறாதவன் அல்லவா, அருகில் போய் எடுத்துச் சொன்னேன்.

"அம்மா, நீங்கள் இனிமேல் கொடுக்க வேண்டியதில்லை. சட்டப்படி அப்பாவோடு அது முடிந்துவிட்டது."

"அப்பா சொன்னாரு சார். நீங்க சொன்னீங்கன்னு."

"பிறகு ஏன்?"

திருவொற்றியூர் பஸ் வந்து நின்றது. அவள் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இனிமே பணம் வராதுன்னு அந்தக் கால் போனவராண்ட சொல்லணுமே சார். எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். நீங்க வந்து சொல்றீங்களா? ஏறுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் அசையவில்லை. அவள் ஒரு நொடி காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

இப்போது எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. பிரிவு எண்கள்கூட மறந்துவருகின்றன, சட்டமே மாறிவிட்டது. காலிழந்த அந்த மனிதருடைய விலாசம் மட்டும் மறக்கவில்லை. திருவொற்றியூர், ரயில் பாதைக்குக் கிழக்கே, மூன்றாவது தெரு, நான்காவது வீடு. எங்கள் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்ற கடிதத்தின் பிரதியை அவருக்கு அனுப்பியபோது உறைமேல் எழுதியவன் நான்தான். அந்த வழக்கில் எல்லோரையும் விசாரித்தேன், மெழுகுவத்தி விற்றவர் உட்பட. அவரை மட்டும் விசாரிக்கவில்லை. அவர் எதையும் பார்க்கவில்லை, பின்னாலிருந்து மோதப்பட்டவர், ஆகவே விசாரிப்பது அவசியமில்லை என்று அறிக்கையின் நான்காம் பக்கத்தில் எழுதியிருந்தேன். முறைப்படி அது சரிதான்.